உம்மா தலையில் சுமந்த புத்தகம்

மூதூர்
2025 ஜனவரி 6

மதிப்புக்குரிய எல்சி மிஸ்ஸுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் சுகமாக இருக்கத் துஆச் செய்கிறேன். போனில் கதைத்தால் பாதி கேட்கும், மீதியை நீங்களே கற்பனை பண்ணிக்கொள்வீர்கள் என்பதால் வழக்கம்போலக் கடிதம். அரசாங்கக் கச்சேரியின் பதிவேட்டு அறையில் பன்னிரண்டு வருடம் உங்களுக்குக் கீழே வேலை பார்த்தவன் நான். பிழை விட்டால் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவீர்கள் என்ற பயம் இந்த ஐம்பத்தேழு வயதிலும் போகவில்லை.

கார்த்திகை வெள்ளம் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. அலுமாரியின் மேல்தட்டில் இருந்த, நாங்கள் புனித நூலாகப் போற்றும் கிதாபும் கூரை ஒழுக்கில் நனைந்துவிட்டது. அதைப் பற்றித்தான் எழுதவேண்டும். உம்மாவின் வாப்பா, அதாவது என் மூத்தவாப்பா முஹம்மது தம்பி, விட்டுப்போன ஒரே பொருள் அது. துணிக்குள் வைத்துத் தைத்த தடித்த பொட்டலம். "இதைக் கீழ வெச்சிராதீங்க. ஒருநாளைக்கு வாசிக்கத் தெரிஞ்சவன் வருவான்" என்று உம்மாவிடம் சொல்லிவிட்டு 1974இல் மௌத்தானார். அப்போது ஒரு ஓரத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். அரபெழுத்து தெரிந்ததும் முத்தமிட்டு மறுபடி தைத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து கைகால் முகம் கழுவி வுளூச் செய்யாமல் யாரும் அதைத் தொடுவதில்லை. துணி பழசானால் கழற்றாமல் அதன்மேல் புதுத் துணி வைத்துத் தைப்போம். நான் பள்ளிக்கூடச் சோதனைக்குப் போனபோதும், மகள் இன்ஷிரா கல்யாணமாகிப் போனபோதும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் படியிறங்கினோம். 2006 யுத்தத்தில் மூதூரை விட்டு ஓடிய நாளில் உம்மா தையல் மெசினை விட்டார், சட்டி பானையை விட்டார். இதை மட்டும் தலையில் வைத்துக்கொண்டு கந்தளாய் வரைக்கும் நடந்தார்.

வருடத்தில் ஒருநாள், ஏப்ரல் ஒன்பதாம் திகதி, அதைக் கீழே இறக்கி, குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓதிக் கத்தம் கொடுப்போம். அக்கம்பக்கத்துக்குச் சோறு போகும். மூத்தவாப்பா தொடங்கிவைத்த வழக்கம். மௌத்தானவர்களுக்குத்தான் கத்தம் ஓதுவது. இது யாருக்கு என்று எங்களுக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் பிறை பார்க்கிற வீட்டில் இதற்கு மட்டும் இங்கிலீஷ் கலண்டர் ஏன் என்றும் யாரும் கேட்டதில்லை.

நனைந்ததைக் காயவைக்கத் துணிகளை வெட்டினோம். ஒன்றின்கீழ் ஒன்றாக ஏழு துணி. உள்ளே கறுப்பு மட்டை போட்ட ஒரு கொப்பி. கிண்ணியாவிலிருந்து சரீப் மௌலவியை அழைத்துக் காட்டினேன். ஒரு பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"இது கிதாபு இல்ல ஜவாஹிர். என்ன எழுதியீக்கி தெரியுமா? 'இண்டைக்கும் பாணும் பருப்பும். பருப்புல கல்லு. நிக்கலஸ்ட பல்லு ஒண்டு உடைஞ்சி போச்சி.'"

எழுத்து அரபு, பாஷை தமிழ். மூத்தவாப்பா ஓதப்பள்ளியைத் தவிர வேறு பள்ளிக்கூடம் போகாதவர், அவருக்குத் தெரிந்தது அந்த அரபுத்தமிழ் ஒன்றுதான். வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்தில் நின்றவர் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். நாங்கள் ஐம்பது வருடமாகக் கண்ணில் ஒற்றியது அவருடைய யுத்தகால நாட்குறிப்பு.

எனக்கு இரண்டு விடயம் தெரியவேண்டும் மிஸ். ஒன்று, இதை எப்படிக் காயவைப்பது? மற்றது, உங்கள் தகப்பனாரும் பட்டாளத்தில் இருந்தவர் என்று ஒருமுறை சொன்னீர்கள். அவர் பெயரும் நிக்கலஸ்தானே?

இப்படிக்கு,
ஜவாஹிர்


ஓர்ஸ் ஹில், திருகோணமலை
2025 ஜனவரி 14

அன்புள்ள தம்பி ஜவாஹிர்,

முதலில் கொப்பி. வெயிலில் வைக்காதேயும். ஸ்திரிக்கைப் பெட்டி பக்கத்தில் போகக்கூடாது. உமக்கு அப்படியொரு யோசனை வந்திருக்கும், எனக்குத் தெரியும். மைப்பூச்சில்லாத வெள்ளைக் கடதாசியைத் தாள்களுக்கு நடுவே வைத்து, காற்று வருகிற அறையில் மேசைமேல் படுக்கப்போட்டு, கடதாசியை நாளுக்கு இரண்டு தரம் மாற்றும். ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரிக்கவே வேண்டாம். நகத்தால் கிளப்பினீரோ, நான் மூதூருக்கு வந்து காதைத் திருகுவேன்.

இனி மற்றது. நான் உமது கடிதத்தை ஏப்ரல் ஒன்பது என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். மீதியை வாசிக்க அரை மணித்தியாலம் எடுத்தது.

ஓம். என் அப்பாவின் பெயர் நிக்கலஸ். துறைமுக வாசலைப் பார்த்த மலையில் காவலுக்கு நின்றவர். 1942 ஏப்ரல் ஒன்பது, யப்பான்காரன் குண்டு போட்ட நாள். அன்றைக்குப் பிறகு அவரை யாரும் காணவில்லை. நான் அம்மாவின் வயிற்றில் ஆறு மாதம். குண்டுக்குப் பயந்து ஓடியவர்கள் ஊரில் நூற்றுக்கணக்கு. ஆனால் பட்டாளத்தில் இருந்தவன் ஓடினால் அதற்குப் பெயர் வேறு. நான் இருபது வருடமாக எழுதி எழுதி, கொழும்பு ஆவணக் காப்பகத்திலிருந்து வாங்கிய அவருடைய பட்டாளத் தாளின் பிரதி என்னிடம் இருக்கிறது. "ஏப்ரல் 9 முதல் காணப்படவில்லை. தப்பியோடியதாகக் கருதப்படுகிறது." அவ்வளவுதான் என் அப்பா.

ஓடிப்போனவனின் மகள் என்று எனக்கு வந்த இரண்டு கல்யாணப் பேச்சு முறிந்தது. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை, அந்த இரண்டு முகங்களையும் நீர் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அம்மா செத்த 1988 வரைக்கும் இந்த வீட்டு முன்கதவு பூட்டப்படவில்லை. "பூட்டாதை பிள்ளை, அவர் வந்து நிண்டால்?" என்பார். நவம்பரில் மரித்தவர்களுக்கு எல்லோரும் பூசை ஒப்புக்கொடுப்பார்கள், கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுவார்கள். அம்மா ஒப்புக்கொடுத்ததில்லை. உயிரோடு இருக்கிறவருக்கு எப்படி மரித்தவர் பூசை கேட்பது? செத்தவர் என்றால் எண்பத்திரண்டு வருடமாக அந்த ஆத்துமாவுக்கு ஒருவருமே செபிக்கவில்லை. இதுதான் என்னைத் தூங்கவிடாத விடயம்.

அந்தத் திகதிப் பக்கத்தை வாசியும். ஓடினார் என்று இருந்தாலும் எழுதும். எனக்கு உண்மை வேண்டும், ஆறுதல் வேண்டாம்.

அன்புடன்,
மிஸ் எல்சி


மூதூர்
2025 பெப்ரவரி 2

மதிப்புக்குரிய எல்சி மிஸ்,

ஸ்திரிக்கைப் பெட்டி விடயம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது? றஹ்மா சொன்னாளா? என் மனைவியை நம்பக்கூடாது.

சரீப் மௌலவி வெள்ளிக்கிழமைகளில் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வருகிறார். அவர் வாசிக்க நான் எழுதிக்கொள்கிறேன். புள்ளியும் குறியுமில்லாத அவசர எழுத்து, ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் போகிறது. ஆனால் மிஸ், நான் இப்படியொன்றைக் கண்டதில்லை. எண்பத்துமூன்று வருடத்துக்கு முந்திய ஒரு காலைச் சாப்பாட்டின் மணம் அந்தத் தாளில் இருந்து எழும்புகிறது. மலையில் நின்றால் துறைமுகத்துக்குள் எத்தனை கப்பல், எந்தக் கப்பலில் துணி காயப்போட்டிருக்கிறார்கள், எல்லாம் இருக்கிறது. பட்டாளத்தில் நாட்குறிப்பு எழுதத் தடையாம். முகாமில் வேறு யாருக்கும் அரபுத்தமிழ் தெரியாததால் இவர் துரைமாரின் மூக்குக்குக் கீழேயே எழுதியிருக்கிறார்.

இனிச் சொல்லப்போவதை உட்கார்ந்து வாசியுங்கள். ஏப்ரல் ஐந்து, ஈஸ்டர் ஞாயிறு. அன்று கொழும்பில் குண்டு விழுந்த செய்தி வந்திருக்கிறது. மூத்தவாப்பா எழுதுகிறார்:

"எல்லாரும் பயந்து போய்க் கிடக்காங்க. நிக்கலஸ் பூசைக்குப் போய் வந்து எனக்கு முட்டை ஒண்டு தந்தான். மகள்தான் பிறக்கும், எல்சி எண்டு பேர் வெக்கப் போறன் எண்டான். ஆம்புளப் புள்ள பிறந்தா? எண்டு கேட்டன். அதுக்கும் எல்சிதான் எண்டான். பைத்தியம்."

சரீப் மௌலவி இதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் உங்களைப் பற்றி அவருக்குச் சொல்லியிருந்தேன்.

அதற்கு அடுத்த ஆறு தாள்களும் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உங்கள் சொல்லை மீறவில்லை. ஆவணக் காப்பகத்திலிருந்து நிவேதிகா என்றொரு பிள்ளை வந்து பார்த்தார். கொழும்புக்குக் கொண்டுபோனால் சேதமில்லாமல் பிரிக்கலாம், படமெடுக்கலாம் என்கிறார். பிரச்சினை உம்மா. இது கிதாபு இல்லை என்று கேட்ட நாளிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. நேற்று என்னைக் கூப்பிட்டு, "அப்ப அண்டைக்குக் கந்தளாய் மட்டும் நான் தலையில சுமந்தது என்ன மகன்? பாணும் பருப்புமா?" என்று கேட்டார். வீட்டை விட்டு அது போகாது என்கிறார்.

இப்படிக்கு,
ஜவாஹிர்


ஓர்ஸ் ஹில்
2025 பெப்ரவரி 8

அன்புள்ள தம்பி,

அப்பா எனக்குப் பெயர் வைத்துவிட்டார். அம்மா சொல்லியிருக்கிறார்தான், "பேர் அவர் வச்சது" என்று. நான் நம்பியதில்லை. வராத மனுசனுக்குப் பெருமை சேர்க்க அம்மா இட்டுக்கட்டிய கதை என்று நினைத்தேன். ஆம்பிளைப் பிள்ளைக்கும் எல்சியாம்! பைத்தியம்தான், உமது மூத்தவாப்பா சரியாகச் சொல்லியிருக்கிறார். கடிதத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்து நடந்து என் பெயரை நானே நாலைந்து தரம் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். அடுத்த வீட்டு லதுஷா எட்டிப் பார்த்து, "அன்ரி, ஆரோட கதைக்கிறியள்?" என்று கேட்டாள்.

உமது உம்மாவிடம் இதை வாசித்துக் காட்டும்.

சுஹைரா உம்மாவுக்கு, நான் உங்களைக் கண்டதில்லை. நீங்கள் தலையில் சுமந்தது என்ன என்று கேட்டீர்களாம். என் அப்பாவை உம்மா. ஒரு படம்கூட இல்லாத என் அப்பாவை, அவர் சிரிப்போடும் உடைந்த பல்லோடும் நீங்கள்தான் அந்த வெயிலில் சுமந்து காப்பாற்றியிருக்கிறீர்கள். கிதாபு என்று நினைத்திராவிட்டால் எப்போதோ அடுப்புக்குப் போயிருக்கும். இன்னும் கொஞ்சத் தூரம், கொழும்பு வரைக்கும், அவரைப் போகவிடுங்கள். இது என் கெஞ்சல்.

எல்சி


மூதூர்
2025 பெப்ரவரி 27

மதிப்புக்குரிய மிஸ்,

உங்கள் கடிதத்தை வாசித்ததும் உம்மா எழும்பி, வுளூச் செய்து, கொப்பியைத் தன் கையாலேயே பழைய துணியில் சுற்றி நிவேதிகாவிடம் கொடுத்தார். "பவுத்திரமாக் கொண்டு போ புள்ள. ஒரு மனிசன் ஈக்கார் உள்ளுக்கு" என்றார்.

பக்கங்கள் பிரிந்து, படங்கள் வந்து இன்றோடு ஒன்பது நாள். ஒன்பது நாளாக நான் உங்களுக்கு எழுதவில்லை. பேனையை எடுப்பேன், வைப்பேன். ஒருநாள் அந்தப் படத்தை அழித்துவிட்டு, தாள் கிழிந்துவிட்டது என்று எழுதிவிடலாமா என்றும் நினைத்தேன். பதிவேட்டு அறையில் உங்களிடம் பழகியவனுக்கு அது ஏலாது. இன்னும் இரண்டு மூன்று நாளில் நோன்பு தொடங்குகிறது. இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு நோன்பு பிடிக்கவும் ஏலாது. மூத்தவாப்பாவின் சொல்லிலேயே தருகிறேன்.

"ஏப்ரல் 9, வியாழன். காலம்பற ஏழு மணிக்குக் காவல் என்ட முறை. நிக்கலஸ் அவன்ட முறைய முடிச்சிட்டுப் படுக்கப் போனான். ஆகாயத்துல இரைச்சல். எண்ண ஏலா. முதல் குண்டு உழுந்த உடனே என்ட கால் என்ட சொல்லக் கேக்கல்ல. ரெலிபோனப் போட்டுட்டு மலைக்குக் கீழ ஓடிட்டன். கரையோரக் கண்ணாப் பத்தைக்குள்ள கிடந்தன். பொழுதுபட வந்து பாத்தா காவல் கொட்டில் இல்ல. குழி கிடக்கு. சார்ஜன் என்னக் கட்டிப் புடிச்சிட்டான். கடைசி மட்டும் ரெலிபோன்ல விமானத்த எண்ணிச் சொல்லிட்டிருந்தியே, எப்பிடித் தப்பினாய்? எண்டு கேட்டான். அப்பதான் விளங்கிச்சி. நான் ஓடினதக் கண்டு, என்ட இடத்துல வந்து நிண்டது நிக்கலஸ். நிக்கலஸக் காணல்ல, ஓடிட்டான் போல எண்டு சார்ஜன் எழுதினான். நான் பாத்துட்டு நிண்டன். என்ட வாய் துறபடல்ல. கைதான் இத எழுதுது."

"ஏப்ரல் 11. ஒருத்தரும் பாக்காம குழியக் கிண்டினன். செபமாலை கிடைச்சிச்சி. மத்தது கொஞ்சம்தான். மலைப்பக்கம் புளியமரத்தடியில அடக்கினன். அவன்ட ஓதல் எனக்குத் தெரியா. தெரிஞ்ச யாஸீன ஓதினன். அல்லாஹ் ஏத்துக்கொள்ளட்டும்."

அடுத்த வருடத்தில் ஒன்று. "ஏப்ரல் 9. நிக்கலஸ்ட பொஞ்சாதிக்கிட்டச் சொல்லிடுவம் எண்டு ஓர்ஸ் ஹில்லுக்குப் போனன். வாசல் படலையில நிண்டு பாத்தன். அந்தப் புள்ள தவழுது. படலையத் துறக்க ஏலாமத் திரும்பிட்டன். உயிரோட ஈக்கும் மட்டும் வருசா வருசம் அவனுக்கு ஓதுவன். எனக்குப் பொறவு என்ட புள்ளைகள் ஓதட்டும்."

மிஸ், உங்கள் அப்பா ஓடவில்லை. ஓடியது நாங்கள். நான் படியிறங்கும்போதெல்லாம் கண்ணில் ஒற்றியது உங்கள் வீட்டுக்குச் செய்த துரோகத்தின் வாக்குமூலம். உங்கள் தாயார் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்த அவ்வளவு வருடமும் பதில் எங்கள் அலுமாரிக்கு மேலே இருந்தது. மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ஜவாஹிர்


மூதூர்
2025 மார்ச் 31, நோன்புப் பெருநாள்

மதிப்புக்குரிய மிஸ்,

ஒரு மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. எழுதாதது நியாயம்தான். போன மாதம் நான் எழுதியதை மறுபடி எழுதி உங்களை வருத்தப்போவதில்லை. இரண்டு விடயம் மட்டும்.

அந்தப் பக்கங்களை எல்லோரும் பார்க்கத் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா என்று ஆவணக் காப்பகம் கேட்கிறது. அதை எல்சி மிஸ்தான் சொல்லவேண்டும் என்று பதில் அனுப்பிவிட்டேன்.

மற்றது, வருகிற ஒன்பதாம் திகதி. இத்தனை காலம் தெரியாமல் ஓதினோம். தெரிந்த பிறகு ஓதுவதற்கு எங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று உம்மா கேட்கிறார். நீங்கள் வேண்டாம் என்றால் நிறுத்திவிடுவோம்.

ஜவாஹிர்


ஓர்ஸ் ஹில்
2025 ஏப்ரல் 4

தம்பி ஜவாஹிர்,

உங்களுக்கு நோன்பு, எங்களுக்குத் தபசுகாலம். இந்த மாதம் முழுக்க நான் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு, கோபத்தோடுதான் ஒருசந்தி இருந்தேன். கோவிலில் முழந்தாளில் நின்றபடி உமது மூத்தவாப்பாவோடு சண்டை பிடித்தேன். மலையில் ஓடியதற்கு அல்ல. குண்டு விழுந்தால் நானும் ஓடுவேன், தொண்ணூறில் ஓடியும் இருக்கிறேன். படலை வரை வந்து திரும்பிப் போனாரே, அதற்கு. பத்து அடி. அந்தப் பத்து அடி நடந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா கதவைப் பூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அதை நான் மன்னிக்கவில்லை. முயற்சி செய்கிறேன், எண்பத்திரண்டு வயதில் நாள் போதுமோ தெரியாது. உமக்கு மன்னிப்புத் தேவையில்லை. நீர் அழிக்காமல் எழுதினீர்.

ஆனால் தம்பி, கோபம் களைத்துப்போன ஒரு காலையில் குசினி யன்னலடியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றேன். அந்த யன்னலால் பார்த்தால் துறைமுகத்துக்கு அப்பால் அந்த மலை தெரியும். கடற்படைக்காரர் இருப்பதால் ஒருவரும் போக ஏலாது, பார்க்க மட்டும்தான் ஏலும். பிறந்த நாளிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் கோப்பை கழுவுகிறேன். அப்பா அங்கேயேதான் இருந்திருக்கிறார். எங்கேயும் போகவில்லை. கையெல்லாம் சவர்க்காரத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். பயமாகக்கூட இருந்தது, அவ்வளவு பெரிதாக இருந்தது அது.

பிறகு இன்னொன்று நினைவுக்கு வந்தது. அப்பாவின் ஆத்துமாவுக்கு ஒருவருமே செபிக்கவில்லை என்று உமக்கு எழுதினேன் அல்லவா? பிழை. சிவப்புப் பேனையால் வட்டம் போடும். நாங்கள் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்த ஒவ்வொரு வருடமும், பேர் தெரியாத ஒரு கத்தோலிக்க வேதக்கார மனுசனுக்காக மூதூரில் ஒரு வீடு ஓதிச் சோறு கொடுத்திருக்கிறது. ஊரை விட்டுத் துரத்தப்பட்ட வருடத்துக்கு அடுத்த ஏப்ரலிலும் ஓதினீர்களா? ஓதியிருப்பீர்கள். உமது உம்மாவை எனக்கு இப்போது தெரியும்.

அந்தப் பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். மூடி வைத்தது போதும். ஒரு பிரதியை அப்பாவின் தாளோடு சேர்த்து வைக்கும்படி நிவேதிகாவுக்கு எழுதிவிட்டேன். பழைய வரியை அழிக்கவேண்டாம் என்றும் எழுதினேன். பக்கத்தில் பக்கமாக இருக்கட்டும், வருகிறவர்கள் இரண்டையும் வாசிக்கட்டும்.

ஒன்பதாம் திகதி காலை ஆறு மணிக்குப் பூசை. மரித்த நிக்கலஸின் ஆத்தும இளைப்பாற்றிக்காக என்று பாதர் வாசிப்பார். பெயரை எழுதிக் கொடுக்கும்போது 'மரித்த' என்ற சொல்லையும் நானே எழுதினேன். உம்மாவைக் கூட்டிக்கொண்டு வாரும். கோவிலில் கடைசி வாங்கில் உட்கார்ந்தால் போதும். பூசை முடிய நானும் உங்களோடு மூதூருக்கு வருவேன். மத்தியானச் சோறு உங்கள் வீட்டில், பருப்பில் கல் இல்லாமல் பார்க்கச் சொல்லும் றஹ்மாவை.

கத்தத்தை நிறுத்தவேண்டாம். பூசை அப்பாவுக்குப் புதுசு. யாஸீன் அவர் எண்பத்துமூன்று வருடமாகக் கேட்டுப் பழகியது. இந்த வருடம் கேட்காவிட்டால் தேடுவார்.

நிக்கலஸின் மகள்,
எல்சி